முதுகு காட்டிக் கேட்டவர்

யாராவது பாட ஆரம்பித்தால் கருணாகரன் திரும்பி உட்கார்ந்துகொள்வார். மேடைக்கு முதுகு, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு முகம். கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிற நாள், எங்கே மைக் செட் போட்டாலும் அப்படித்தான். பாட வந்தவர்கள் புதியவர்களாக இருந்தால் சங்கடப்படுவார்கள். நம் பாட்டு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று குரல் கம்மிப்போகும். அவர் வழக்கமே அது, நீ பாடு என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லவேண்டியிருக்கும்.

நாங்கள் எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்கு எதிரே அவர் கடை. வாசலில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கவிழ்த்து வைத்திருப்பார். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் என்னை வீட்டில் தையல் மெஷினில் உட்கார வைத்தார்கள். மெஷினிலிருந்து தலையைத் தூக்கினால் அந்தக் கடைதான் தெரியும். அதனால் அவரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் திரும்பிக்கொள்கிறீர்கள் என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். "மூஞ்சி காதை ஏமாத்திடும்" என்றார். "அழுவற மாதிரி மூஞ்சிய வெச்சிகினு பாடினா நம்ம காதும் கூட சேர்ந்து அழுவும். நெசமாவே குரல் அழுவுதான்னு முதுகுக்குத்தான் தெரியும்."

ராயபுரத்தில் பிறந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மகனை ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்த்துவிட்டார். அங்கே கற்றுக்கொண்டு, சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாடகைக்கு மைக் செட் போட ஆரம்பித்தார். மனைவி சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகளை மாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். எண்ணூர் வரைக்கும் கடற்கரையில் இருக்கிற குப்பங்களில் எது நடந்தாலும் அவர் செட்டுதான். அந்தக் குப்பங்கள்தான் அவருக்குச் சோறு.

நாடகப் பாட்டுக் கச்சேரி என்ற யோசனை அவருக்குத் தண்ணீர் லாரி வரிசையில் வந்தது. அதையும் நான் பார்த்தேன். அந்த வருஷம், 2002, குடத்தைப் போட்டுவிட்டு அரை நாள் காத்துக் கிடக்கவேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் ஜெயஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். எங்கள் குப்பத்துக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. குடத்தின் மேல் விரலால் தட்டிக்கொண்டு எதையோ பாடிக்கொண்டிருந்தாள். கடையைத் திறக்க வந்த நைனா அப்படியே நின்று, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். சாவிக்கொத்து கையிலேயே இருந்தது. பெண்கள் சிரித்தார்கள். அவள் பாட்டை நிறுத்திவிட்டு வெட்கப்பட்டாள். அவர் திரும்பாமலே, "நிறுத்தாதம்மா" என்றார்.

ஜெயஸ்ரீக்கு அப்போது பத்தொன்பது இருக்கும். ராயபுரம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். அவர்கள் இருந்த தெருவைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. அரசாங்கம் கருங்கல் கொண்டுவந்து கொட்டுவதற்குள் அவர்கள் வீடு உள்ளே போய்விட்டது. அம்மாவும் அப்பாவும் இல்லை. மணலியில் லாரி ஷெட்டில் இருக்கிற அண்ணன் எட்டிப் பார்ப்பதில்லை. தாய்வீடு என்று கைகாட்ட அவளுக்கு ஒரு சுவர்கூட இல்லை. புருஷன் விமல், மாமியார் கெங்கம்மா, இவ்வளவுதான் அவளுக்கு.

ஆடித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் மெல்லிசைக் குழு வரும். இந்த வருஷம் அது வேண்டாம், நம் ஆட்களை வைத்தே பழைய நாடகப் பாட்டுகளைப் பாடலாம் என்று நைனா ஊர் பெரியவர்களிடம் போய்ச் சொன்னார். ஒரு பாட்டுக்கு இரண்டு பேர். ஒருவர் மேடையில் பழம் தின்று கொட்டை போட்டவர், ஒருவர் மேடையே ஏறாதவர். செலவு குறைவு என்பதால் பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

பழைய ஆட்களைப் பிடிப்பது அவருக்குக் கஷ்டமாக இல்லை. அவர்களுக்கு மைக் போட்டுத்தான் அவர் தொழிலே வளர்ந்தது. மங்கம்மா அவர்களில் முக்கியம். அறுபதைத் தாண்டியவர். நாடக செட்டு கலைந்த பிறகு காசிமேட்டில் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆர்மோனியத்துக்கு லியாகத் அலி பாய். யானைக்கவுனியிலிருந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர்கள், கம்பெனிக்குப் போகிற பெண்கள் என்று புது ஆட்களும் சேர்ந்தார்கள். உடுப்பு தைக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

கடலோரம் வலை வைக்கிற கொட்டகையில், வலைக் குவியலின் மேல் உட்கார்ந்துதான் ஒத்திகை. புது ஆட்கள் மைக்கைக் கண்டால் வாயில் வைத்துக் கடிக்கிற மாதிரி பிடிப்பார்கள். பழைய ஆட்கள் மைக்கை விட்டு விலகி விலகிப் போவார்கள். மைக் இல்லாத காலத்திலேயே கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகியவர்கள். மங்கம்மா, "இது இன்னா என் வாயாண்ட வந்து முத்தம் குடுக்கப்போவுதா? தள்ளி வையி கருணா" என்பார். நைனா ஒரு மைக்கை ஸ்டாண்டிலும், இன்னொன்றை மேலேயிருந்து கயிற்றில் தொங்கவிட்டும் அந்தச் சண்டையைத் தீர்த்தார். சுருதிச் சண்டை அப்படித் தீரவில்லை. மங்கம்மா ஐந்து கட்டையிலிருந்து இறங்கமாட்டேன் என்றார். புதியவர்கள் அந்த உயரத்துக்குப் போனால் கத்தினார்கள். ஜெயஸ்ரீ ஒருத்திதான் அங்கே போயும் குரல் கிழியாமல் நின்றாள். அப்படித்தான் அவளும் மங்கம்மாவும் ஜோடி ஆனார்கள்.

அவர்களுக்குக் கொடுத்த பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மங்கம்மாவின் செட்டு ஆடிய சொந்த நாடகம் ஒன்று, 'தோணிக்காரன் பெண்சாதி'. அவர்கள் நாடக வாத்தியாரே எழுதியது. அதில் ஒரு நீளப் பாட்டு. முதல் பாதியில் கடலுக்குப் போன புருஷனுக்காகப் பெண்சாதி கரையில் விளக்கு வைத்துக் காத்திருக்கிறாள். இரண்டாம் பாதியில் அவன் வரமாட்டான் என்று தெரிந்து ஊர் கூடுகிறது, தாலி இறங்குகிறது. இந்த இரண்டாம் பாதியைப் புருஷன் உயிரோடு இருக்கிற பெண் பாடக்கூடாது. அது செட்டின் கட்டுப்பாடு. மங்கம்மா தன் புருஷன் இருந்த காலத்தில் முதல் பாதியைப் பாடிவிட்டு முக்காடு போட்டுக் குனிந்து உட்கார்ந்துகொள்வாராம். மீதியை, புருஷனை இழந்த இன்னொருத்தி திரைக்குப் பின்னால் நின்று பாடுவாளாம். அவர் புருஷன் குடித்தே செத்த பிறகுதான் முழுப் பாட்டும் மங்கம்மாவுக்கு வந்தது. "அந்தாளு எனக்கு வெச்சிட்டுப் போன சொத்து அரைப் பாட்டு" என்று சொல்லிச் சிரிப்பார்.

புதியவள் காத்திருக்கிற பாதியைப் பாடட்டும், பழையவர் இறக்குகிற பாதியைப் பாடட்டும் என்று நைனா பிரித்தார். கச்சேரி முழுவதையும் இரண்டிரண்டு பேராக அமைக்கலாம் என்ற எண்ணமே இந்தப் பாட்டின் கட்டுப்பாட்டிலிருந்துதான் அவருக்கு வந்தது.

கெங்கம்மாவிடம் அனுமதி கேட்க நைனா போனபோது அளவு எடுக்க நானும் போயிருந்தேன். கெங்கம்மா மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்று கேட்டார். விமல் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இவள் பாடினால் மீன் தானாகக் கரைக்கு வந்துவிடும், நான் எதற்கு டீசல் ஊற்றிக்கொண்டு போகவேண்டும் என்று கிண்டல் செய்தான். அம்மா சிரிக்கவில்லை.

"பாடட்டும், வாணாங்கல" என்றார். "ஆனா எம்புள்ள கடலுக்குப் போறவன். இறக்கற பாட்டுல ஒரு வார்த்தை இவ வாயில வரக்கூடாது."

நைனா அவர்கள் வீட்டு மாடத்திலிருந்து சூடத்தை எடுத்து உள்ளங்கையில் ஏற்றினார். "வராது கெங்கம்மா. வந்தா என்னைக் கேளு" என்று சொல்லிக் கையை மூடி அணைத்தார்.

ஒத்திகையில் ஜெயஸ்ரீ தன் பாதியை முடித்துவிட்டு மங்கம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இரண்டாம் பாதி நடக்கும்போது அவள் உதடு சத்தமில்லாமல் கூடவே அசையும். மங்கம்மா பாடிக்கொண்டே கையை நீட்டி அவள் வாயைப் பொத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். முழுப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பாடமாட்டாள் என்றும் தெரியும்.

திருவிழா நடக்கிற நாட்களில் யாரும் கடலுக்குப் போவதில்லை. கச்சேரியன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கே கோயில் முன்னால் கூட்டம் உட்கார்ந்துவிட்டது. விமல் தன் தோஸ்துகளோடு முன்னாலேயே இருந்தான். நைனா ஒரு குழாயைத் தெருவைப் பார்த்தும் இன்னொன்றைக் கடலைப் பார்த்தும் கட்டியிருந்தார். படகுகளின் மேல் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்காக. நான் பக்கத் திரைக்குப் பின்னால் ஊசி நூலோடு நின்றேன். அங்கிருந்து மேடையும் தெரியும், கீழே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நைனாவும் தெரிவார்.

மற்ற ஜோடிகள் நன்றாகவே பாடினார்கள். லோடு ஏற்றுகிற ஒருவர் ராஜா வேஷத்தோடு வரியை விட்டுவிட்டு முழித்தார். கூட வந்த பெரியவர் சமாளித்துக்கொண்டு போய்விட்டார். ஜெயஸ்ரீயும் மங்கம்மாவும் கடைசியில் வந்தார்கள். நான் தைத்த பச்சைப் புடவையில் ஜெயஸ்ரீ, வெள்ளையில் மங்கம்மா. ஜெயஸ்ரீ பாடினாள்.

"கரையெல்லாம் வெளக்கு வெச்சேன்
கண்ணசந்து தூங்கலியே"

முதல் வரிக்கே கூட்டம் அடங்கிவிட்டது. அவள் முடித்ததும் விமல் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுற்றினான். மங்கம்மா முன்னால் வந்து இரண்டாம் பாதியை எடுத்தார்.

"வெளக்கெல்லாம் அணைச்சிடுங்க
வெளிச்சமினி வேணாங்க"

அடுத்த வரி வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. லியாகத் அலி பாய் அந்த இடத்தையே திரும்ப வாசித்தார். மறுபடியும் வாசித்தார். மங்கம்மா தொங்குகிற மைக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "கெயவி பேட்டரி டவுனுடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. ஒருவன் விசில் அடித்தான். மங்கம்மாவின் கை பக்கவாட்டில் தேடி ஜெயஸ்ரீயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. ஜெயஸ்ரீ அந்த முகத்தைப் பார்த்தாள். கீழே நைனாவைப் பார்த்தாள். அங்கே முதுகுதான் இருந்தது. பிறகு பாடிவிட்டாள்.

"வந்துசேரா ஆளுக்கு
வழியெதுக்கு காட்டணுங்க"

நைனாவின் தோள் ஒரு தடவை குலுங்கியது. யார் குரல் என்று அவருக்குப் பார்க்கத் தேவையில்லை. வலது கை சத்தம் கூட்டுகிற திருகின் மேல் இருந்தது. அணைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு கூட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை, தலை மட்டும் இன்னும் குனிந்தது. அவள் கடைசிவரைக்கும் பாடினாள். கடல் பக்கத்துக் குழாய் அதைக் கரையோரக் கருங்கற்களைத் தாண்டிக் கொண்டுபோனது.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. கொஞ்சம் கழித்து எல்லோரும் தட்டினார்கள்.

கெங்கம்மா மேடையின் பின்பக்கம் ஏறி வந்து மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நெற்றியில் குங்குமத்தை அப்பி உட்கார வைத்தார் என்று அப்புறம் தெரிந்தது. விமல் மட்டும் சிரித்துக்கொண்டே போனான். "நான் குத்துக்கல்லாட்டம் எதிர்ல குந்திகினு கீறேன், எனக்கே ஒப்பாரி வெச்சிட்ட" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். மங்கம்மா திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வரி வாசல்ல வந்து நின்னுச்சு டைலரு. உள்ள வர்ல" என்றார். நைனா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டியதையே பிரித்து மறுபடியும் சுருட்டினார்.

திருவிழா முடிந்து மூன்றாம் நாள் படகுகள் போயின. விமலோடு ஃபைபர் படகில் இரண்டு பேர் போனார்கள். மறுநாள் அந்த இரண்டு பேரை வேறு படகுக்காரர்கள் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தபோது தூக்கிவந்தார்கள். விமல் இல்லை. இருட்டில் ஒரு பெரிய கப்பல் வந்தது, டார்ச் அடித்தோம், கத்தினோம், மேலே யாருக்கும் தெரியவில்லை, அது பாட்டுக்குப் போய்விட்டது என்று சொன்னார்கள். எந்தக் கப்பல் என்று கடைசிவரை தெரியவில்லை. பாதிப் படகு காட்டுப்பள்ளிக் கரையில் ஒதுங்கியது.

ஊரே தேடியது. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்குக் காரியம் எப்போது செய்வது, பெண்சாதி தாலியை எப்போது இறக்குவது என்பதை எங்கள் குப்பத்தில் ஊர்தான் கூடி முடிவு செய்யும். அதுவரை அவள் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கவேண்டும். ஜெயஸ்ரீ அப்படி உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்களில் பேச்சு மெதுவாக மாறியது. முதலில் கப்பலைத் திட்டினார்கள். அப்புறம், மூன்று பேர் போனதில் இவன் ஒருத்தன் மட்டும் ஏன் என்றார்கள். அந்தக் கேள்விக்குக் கப்பல் பதிலாக இல்லை. பாட்டு பதிலாக இருந்தது.

கோயில் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. பெண்கள் நாங்கள் வெளியே நின்றோம். காரியத்துக்கு நாள் குறிக்கத்தான் கூட்டம். ஆனால் கெங்கம்மா உள்ளே போய் நின்றார்.

"உசுரோட இருந்தவனைப் பாடி அனுப்பினவ இவ. இவள என் வூட்டுல வெச்சிகினு நான் சோறு துன்ன மாட்டேன். காரியத்தன்னிக்கே இட்டுகினு போயி எங்கனா வுட்டுடுங்க."

எங்கே விடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் பிறந்த தெரு கடலுக்கு அடியில் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தெரிந்தே பாடினாள் என்றால் கெங்கம்மா சொல்வது நியாயம் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஜெயஸ்ரீ தூணுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

நைனா எழுந்தார். அவர் அந்தக் குப்பத்தில் பிறந்தவர் இல்லை, பேசலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

"அந்தப் பொண்ணு தானா பாடல. நான்தான் பாடச் சொல்லி சைகை காட்டினேன். கச்சேரி நின்னுடப்போவுதேன்னு. தப்பு என்னுது."

ஒரு பெரியவர் கேட்டார்.

"முதுவாலயா சைகை காட்டின, கருணாகரா?"

யாரோ சிரித்து அடக்கினார்கள். அவர் திரும்பமாட்டார் என்பது குழந்தைக்கும் தெரியும். நைனா பெரியவருக்கு நேராகத் திரும்பினார்.

"அன்னிக்கி திரும்பினேன்" என்றார்.

பெரியவர் நம்பவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். வெளியே என் பக்கத்தில் நின்றிருந்த மங்கம்மா பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். "திரும்பினாரு. நான் மேடைமேல நின்னு பார்த்தேன். கையக் காட்டி பாடுன்னாரு. எனக்கு வாய் அடைச்சிப் போச்சேன்னுதான் பண்ணாரு" என்றார். மேடையில் போன குரல் அன்றைக்கு அவருக்குத் திரும்ப வந்திருந்தது. கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

கெங்கம்மா நைனாவுக்கு எதிரே போய் நின்றார். "கையில சூடம் ஏத்தினியே" என்றார். "வந்தா என்னைக் கேளுன்னியே. கேக்கறேன். சொல்லு."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெங்கம்மா அவர் முகத்தில் காறித் துப்பினார். அவர் துடைக்கவில்லை.

முடிவு அன்றே சொல்லிவிட்டார்கள். பெண் அவர் சொன்னதைத்தான் செய்தாள், அவள் மேல் குற்றமில்லை, மாமியார் வீட்டிலேயே இருக்கட்டும். கருணாகரன் கோயிலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போகவேண்டும். இனி அவர் மைக் செட் இந்தக் குப்பத்துக்குள் வரக்கூடாது. மற்ற குப்பங்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். சத்தியத்தை உடைத்தவன் குழாயைக் கோயில் முன்னால் யார் கட்டுவார்கள்.

கடை இருந்தது, வேலை இல்லை. கொஞ்ச நாள் லாரிக்காரர்களுக்கு டேப் ரிப்பேர் செய்து கொடுத்தார். லியாகத் அலி பாய் வந்து பழைய பெட்டி ஒன்றை யானைக்கவுனியில் விற்றுக் கொடுத்தார். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஆனால் நைனா அப்போது உடைந்துபோனவராகத் தெரியவில்லை. செய்யவேண்டியதைச் செய்துவிட்டவர் மாதிரிதான் இருந்தார். ஜெயஸ்ரீ கெங்கம்மாவோடு கூடை தூக்கிக்கொண்டு போவதைக் கடையிலிருந்து பார்ப்பார். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவார்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் என்னிடம், அந்தப் பெண் இப்போது பாடுகிறதா என்று கேட்டார். தண்ணீர் வரிசையில்கூட அவள் வாயைத் திறப்பதில்லை என்று சொன்னேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நல்ல குரல் அப்படிக் கிடக்கக்கூடாது, நான் பேசிப் பார்க்கிறேன் என்றார். தனியாகப் போனால் ஊர் பேசும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காசிமேட்டில் ஏலம் முடிந்து அவள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். சேற்றில் நிற்காதே நைனா, இப்படி வா என்று அன்பாகத்தான் பேசினாள்.

அவர் சுற்றிவளைக்கவில்லை. "பாட்டு யாரையும் சாவடிக்காதும்மா. இடிச்சது கப்பல். நீ பாடினா ஒண்ணும் ஆவாது" என்றார்.

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். தண்ணீர் வடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி ஊர் முன்னாடி நீ அதச் சொல்லலியே நைனா" என்றாள். "நான் குந்திகினு கேட்டுகினே இருந்தேன். யாராச்சும் ஒர்த்தர் பாட்டு இல்ல, கப்பல்னு சொல்லுவாங்களான்னு. நீ எழுந்த. நீ சொல்லுவேன்னு நெனச்சேன். யாரு பாட வெச்சதுன்னுதான் நீயும் பேசின."

அவள் கூடையை நிமிர்த்தி எடுத்தாள்.

"உன்ன குறை சொல்லல. உன்னாலதான் எனக்கு ஒரு வூடு கீது. ஆனா பாட்டுதான்னு நீயே ஒத்துகினே. மைக் செட்டுக்காரரு நீ, உனுக்குத் தெரியாததா. அப்போ நான் இன்னா நெனைக்கிறது, சொல்லு."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மாமியார் காத்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வருகிற வழியில் நைனா பஸ்ஸில் உட்காரவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருவொற்றியூர் தாண்டும்போது என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார். "அவ கேட்டது சரிதான் டைலரு. கப்பல்னு சொல்லியிருந்தா ஊரு என்னை அடிச்சிருக்கும். அவள துரத்தியிருக்கும். ஆனா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "சத்தத்தைக் கூட்டினேன் நானு" என்றார். அதை நான் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அந்த மாதமே கடையைக் காலி செய்தார். வாசலில் இருந்த இரண்டு குழாய்களை வாங்க ஆள் வந்தான். அவர் விலை பேசவில்லை, எடுத்துக்கொண்டு போ என்றார்.

மங்கம்மா அதற்கு அடுத்த வருஷம் இறந்துபோனார். கடைசிவரைக்கும், அவர் திரும்பினார், நான் பார்த்தேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கெங்கம்மா போன தையில் போய்விட்டார். சாகும்வரை மருமகள்தான் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டினாள். ஒருநாள்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இனி இதை எழுதுவதால் யார் வீடும் போகாது.

ஜெயஸ்ரீ இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். காசிமேட்டில் மீன் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்கிறாள். ஆடித் திருவிழாவுக்கு வேறு ஆள் மைக் செட் போடுகிறான். மேடையில் பாட்டு தொடங்கினால் அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நாடகப் பாட்டுக் கச்சேரி அதற்கப்புறம் நடக்கவில்லை. கருணாகரன் நைனா மாத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார், அக்கம்பக்கத்தில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் செய்து கொடுக்கிறார். இப்போதெல்லாம் யாராவது பாட ஆரம்பித்தால் அவர் திரும்பி உட்காருவதில்லை. எழுந்து வெளியே போய்விடுகிறார்.